பஞ்சாங்கத்துக்கு ராகு காலம் இல்லை

ராகு காலத்தில் எதையும் தொடங்காதே என்று எனக்குச் சொல்கிற பஞ்சாங்கச் செயலி, திங்கட்கிழமை காலை 7:30 தாண்டியதும் விளம்பர சர்வர்களோடு பேச்சைத் தொடங்கிவிடுகிறது. நெட்கார்டு என்ற செயலியைப் போட்டபிறகுதான் இது தெரிந்தது. போனுக்குள்ளேயே ஒரு விபிஎன் போல உட்கார்ந்துகொண்டு, எந்தச் செயலி எந்த முகவரிக்குப் போகிறது என்று குறித்துவைக்கும். அபார்ட்மெண்ட் வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு இருக்கும் செக்யூரிட்டி மாதிரிதான். வேண்டாதவரை நிறுத்தவும் செய்யும்.

அந்த நோட்டில் இருப்பவர்கள் எல்லோரும் திருடர்கள் இல்லை. வைஃபை கிடைத்ததும் ஆண்ட்ராய்டு போன் கூகுளின் முகவரி ஒன்றைத் தட்டும். '204' என்று பதில் வரும். கேட்டது கிடைத்தது, தர ஒன்றுமில்லை என்று அதற்குப் பொருள். நெட் வேலை செய்கிறது என்று போன் நிம்மதி அடைந்துவிடும். எங்கள் வீட்டில் "என்ன ஆச்சு?" என்று கேட்டு "ஒன்றுமில்லை" என்று பதில் வந்தால், அன்று ராத்திரி சாப்பாடு சந்தேகம்.

சும்மா கிடக்கும் போன்கூட சராசரியாக நாலரை நிமிடத்துக்கு ஒருமுறை தயாரித்தவரோடு பேசுகிறது என்று 2021இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் டக்ளஸ் லீத் அளந்து சொன்னார். ஐபோன்காரர்கள் சிரிக்க வேண்டாம். அந்தக் கணக்கில் ஆப்பிளும் உண்டு.

என் கோபம் வேறு இடத்தில். கேமராவைத் தொட ஆண்ட்ராய்டு அனுமதி கேட்கும், மைக்குக்குக் கேட்கும். இணையத்துக்கு மட்டும் கேட்காது. செயலியை நிறுவும்போதே கொடுத்துவிடும். ஆண்ட்ராய்டின் மாற்று வடிவமான கிராஃபீன்ஓஎஸ் போட்ட போனில் அதற்கும் ஒரு சுவிட்ச் உண்டு. எல்லாப் போனிலும் இருந்தால் என்னவாம்? நான் நெட்கார்டை வைத்துப் பஞ்சாங்கத்தின் நெட்டைப் பிடுங்கிவிட்டேன். ராகு காலம் முன்போலவே சரியாக வருகிறது. பகலை எட்டாக வகுக்க சர்வர் எதற்கு?

மற்றபடி, திறந்தே பார்க்காத செயலிகளைத் தூக்கினேன். ஆண்ட்ராய்டு 9இலிருந்து இருக்கும் 'பிரைவேட் டிஎன்எஸ்' அமைப்பில் விளம்பரம் தடுக்கும் ஒரு டிஎன்எஸ்ஸின், அதாவது இணைய முகவரிகளைத் தேடித் தரும் சர்வரின், பெயரை எழுதினேன். பாதிக் கூட்டம் கலைந்தது.

என் மச்சினனுக்கு இது போதவில்லை. கூகுள் பிளே சர்வீசஸையே பூட்டினான். பெரும்பாலான செயலிகளின் அறிவிப்புகள் வருவது அந்த ஒரே பாதையில், பெரும்பாலும் 5228 என்ற போர்ட் வழியாக. அதை அடைத்தால் செயலியைத் திறந்து பார்த்தால்தான் சேதி. கிரகப்பிரவேசத்தை ஒரு நாள் முன்னதாகவே வைத்துவிட்டோம் என்று அவனுடைய மாமியார் அனுப்பிய வாட்ஸ்அப்பை, விசேஷம் முடிந்த மறுநாள் பட்டுவேட்டியோடு வாசலில் நின்றுதான் படித்தான்.

"பிளே சர்வீசஸை நிறுத்தி வெச்சிருந்தேன் அத்தை, அதான்..."

"போன் சர்வீசுக்குப் போயிருந்துதா? அதைச் சொல்லக் கூடாதா மாப்பிள்ளை!" என்று அவர் சமாதானமாகி இலை போடச் சொன்னார். மச்சினன் திருத்தவில்லை.