சுவருக்கும் காது மட்டும்தானா?

கேள்வி: யூ.கே.ஜி. படிக்கும் என் மகன் சுவர் முழுக்கக் கிறுக்கித் தள்ளுகிறான். வாடகை வீடு வேறு. திட்டுவதா, தட்டிக்கொடுப்பதா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தஞ்சாவூரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? பெரிய கோவில் சுவரில் சோழர் கால ஓவியத்தின் மேலேயே நாயக்கர் காலத்தில் வேறு ஓவியம் தீட்டிவிட்டார்கள். அடியில் இருந்தது 1931-இல்தான் வெளியே தெரிந்தது. உங்கள் ஹவுஸ் ஓனருக்கு அவ்வளவு பொறுமை இருக்காது.

அதனால், பையன் கைக்கு எட்டும் உயரத்தில் சார்ட் பேப்பர் ஒட்டிவிடுங்கள். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கமும் போதும். கிரேயான் மெழுகு சுவரை விட்டு லேசில் போகாது. தண்ணீரில் கரையும் வண்ணமாக வாங்கிக் கொடுங்கள்.

வரைந்து முடித்ததும், "இது என்னடா, யானையா?" என்று கேட்டுவிடாதீர்கள். அது அவன் அப்பாவாக இருக்கலாம். "இதைப் பத்திச் சொல்லு" என்றால் ஒரு கதையே வரும். காக்காவுக்குப் பச்சை அடித்தால் அடிக்கட்டும். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரத்தில் குடிசை, பக்கத்தில் தென்னை மரம்... அதையெல்லாம் பள்ளிக்கூடம் எப்படியும் சொல்லிக்கொடுத்துவிடும். படத்தில் தேதி எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். டிராயிங் கிளாஸ், போட்டி, பரிசு எல்லாம் அவனாகக் கேட்கும்வரை வேண்டாம்.

தீர்ப்பு இதுதான்: சுவரில் கிறுக்கினான் என்று திட்டலாம், கிறுக்கினான் என்று திட்டக் கூடாது!