மைக்கா, அறையா?

கேள்வி: ஆயிரக்கணக்கில் செலவழித்து கண்டென்சர் மைக் வாங்கினேன். ஆனாலும் யூடியூபில் என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறதாம். மைக்கை மாற்றிவிடலாமா?
– வாசகர், திண்டிவனம்

பதில்: முதலில் அறையை மாற்றுங்கள்! கண்டென்சர் மைக் ரொம்ப நுட்பமானது. உங்கள் குரலோடு மின்விசிறி, குக்கர் விசில், எதிர்வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் பாரபட்சமில்லாமல் பதிவு செய்யும். வெறும் சுவரில் மோதித் திரும்பும் எதிரொலிதான் உங்கள் கிணறு. மெத்தையும் திரைச்சீலையும் உள்ள படுக்கையறைக்குப் போங்கள்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். அந்தத் தூரம் இரட்டித்தால் நேராகப் போய்ச் சேரும் குரல் சுமார் 6 டெசிபெல் குறையும். எதிரொலி அவ்வளவாகக் குறையாது. அதற்காக ஒட்டிக்கொண்டும் பேசாதீர்கள். அடிக்குரல் தடித்துவிடும், ‘ப’ வெடிக்கும். மைக்கைச் சற்றே பக்கவாட்டில் வைத்தால் வெடிப்பு அடங்கும்.

அறை அடங்கவில்லையா? டைனமிக் மைக்கை நெருக்கமாக வைத்துப் பேசலாம். அதில் கௌரவக் குறைச்சல் இல்லை. 1982-ல் வெளிவந்த ‘திரில்லர்’ ஆல்பத்துக்கு மைக்கேல் ஜாக்சன் பாடியதே ஷூர் எஸ்எம்7 என்ற டைனமிக் மைக்கில்தான்.

ஆகவே, புது மைக்குக்காக பீரோவிலிருந்து பணத்தை எடுக்குமுன், அதே பீரோவிலிருந்து இரண்டு கம்பளிகளை எடுத்துச் சுவரில் மாட்டிப் பாருங்கள்.