அரசரின் மருத்துவர் எழுதிய நோய்

கேள்வி: வயது 52. சில மாதங்களாக விறைக்கும்போது ஆணுறுப்பு மேல்நோக்கி வளைகிறது, வலியும் உண்டு. காரணத்தை டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்? சொல்லவே கூச்சமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், குண்டலுபேட்டை

பதில்: கூச்சத்தை விடுங்கள் ஐயா! பிரான்சின் பதினைந்தாம் லூயி மன்னருடைய அறுவை மருத்துவர் லா பெய்ரோனி 1743-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். உறுப்பின் உள்ளே தழும்பு உண்டாகி அதை வளைக்கும் இதற்கு இன்றும் பெய்ரோனி நோய் என்றே பெயர்.

முதலில் கேள்விகள்தான். எப்போது ஆரம்பித்தது, அடிபட்டதா, சர்க்கரை உண்டா? இளவயதிலிருந்தே வளைவு என்றால் பெரும்பாலும் பிறவி அமைப்பு, தழும்பு இருக்காது. உங்களுக்கு நடுவயதில் வந்திருக்கிறது. அதனால் உறுப்பை மெல்ல நீட்டிப் பிடித்து, தோலுக்கடியில் கெட்டியாக ஏதாவது தட்டுப்படுகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். அடுத்து உள்ளங்கையைக் காட்டச் சொன்னால் ரேகை பார்க்கிறாரோ என்று திகைக்காதீர்கள். விரல்களை மடக்கிவிடும் டுபுய்ட்ரன் தழும்பு சிலருக்கு இதோடு சேர்ந்தே வரும்.

விறைத்தால்தானே வளைவு தெரியும்? வீட்டிலேயே செல்போனில் படமெடுத்து வரச் சொல்வார்கள். துல்லியமாக அளக்க ஊசி போட்டு விறைக்கவைத்து, கோணமானி வைத்துப் பார்ப்பதும் உண்டு. (அந்த விறைப்பு நான்கு மணி நேரத்தில் அடங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிட வேண்டும்.) தழும்பில் சுண்ணாம்புச் சத்து படிந்திருக்கிறதா, ரத்த ஓட்டம் எப்படி என்பதை டாப்ளர் ஸ்கேன் காட்டிவிடும்.

பெய்ரோனி புற்றுநோய் அல்ல. ஆனால் வலி இருக்கிறது என்றால் வளைவு இன்னும் மாறிக்கொண்டிருக்கலாம். உங்கள் ஊரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் மைசூரு. இந்த வாரமே ஒரு யூராலஜிஸ்ட்டைப் பாருங்கள்.