பொம்மை விமானத்துக்கு அலைவரிசை பார்த்தல்: ஓர் ஆய்வு

உலகப் பிரச்சினைகள் அனைத்தும் தீர்ந்துவிட்ட இந்நாளில், ரிமோட் பொம்மை விமானத்துக்கு எந்த அலைவரிசை உகந்தது என்ற வினா மட்டும் அறிஞர் பெருமக்களால் சீண்டப்படாமல் கிடக்கிறது. அக்குறை நீக்கவே இக்கட்டுரை. அலைவரிசை விமானத்தைப் பொறுத்தது என்பது பூர்வபட்சம். பக்கத்து வீட்டுக்காரரைப் பொறுத்தது என்பது நம் சித்தாந்தம்.

முதற்சான்று கடைத்தெருவில் கிடைக்கிறது. மலிவுப் பொம்மைகளின் பெட்டி மூலையில் 27 மெகாஹெர்ட்ஸ் என்றோ, 40 என்றோ, 49 என்றோ பொடி எழுத்தில் போட்டிருக்கும். வாங்குபவர் விலையைப் பார்ப்பார், படத்தைப் பார்ப்பார், இதைப் பார்க்கமாட்டார். பிள்ளைகளுக்குள் சண்டை வரக்கூடாதென்று ஒரே மாதிரி இரண்டு வாங்கி வருவார். இரண்டும் 27. அண்ணன் குமிழைத் திருப்புவான். தம்பியின் விமானம் போய்ச் சுவரில் முட்டும். சண்டையைத் தவிர்க்கும் ஏற்பாடே சண்டைக்கு மூலகாரணமாவதற்குத் தருக்க நூலார் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

சற்று விலை கூடிய கருவிகளில் அந்த 27-க்குள்ளேயே ஆறு பிரிவுகள் உண்டு, 26.995 முதல் 27.255 வரை. பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஆளுக்கொரு நிறம். ஆன்டெனா நுனியில் அந்த நிறத்தில் ஒரு துண்டு நாடாவைக் கட்டிக்கொள்வார்கள். சிவப்பும் பச்சையும் சேர்ந்து பறக்கலாம். சிவப்பும் சிவப்பும் கூடாது. சகோத்திரத்தில் சம்பந்தம் பேசாத நம் கல்யாணத் தரகர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

இந்த இயலைக் கரைகண்டவர்கள் அமெரிக்கர்கள். விமானத்துக்கென்றே 72 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 11 முதல் 60 வரை எண்ணிட்டு 50 சேனல்களை ஒதுக்கினார்கள். காரும் படகும் 75-க்குப் போய்விட வேண்டும். அரசாங்கம் இத்தனை செய்தும், மைதானத்தில் அமைதியைக் காத்தது என்னவோ துணி காயப்போடும் கிளிப்தான். பல மைதானங்களில் ஒரு பலகை. அதில் சேனலுக்கொரு கிளிப், மேலே எண். 38-ஆம் கிளிப்பை எடுத்துத் தன் ஆன்டெனாவில் மாட்டிக்கொண்டவருக்கு மட்டுமே 38-இல் பறக்க உரிமை. மற்ற 38-காரர்கள் சுவிட்சில் கை வைக்காமல் காத்திருக்க வேண்டும். யாராவது அவசரப்பட்டுப் போட்டுவிட்டால், மேலே பறக்கும் அப்பாவியின் பல மாத உழைப்பு தலைகுப்புற இறங்கும். கிளிப்பைச் சட்டைப் பையில் போட்டபடி வீட்டுக்குப் போய்விடும் மறதிக்காரரோ, ஒரு சேனலையே ஊர் கடத்திவிடுகிறார்.

ஆன்டெனா பற்றிச் சிறு குறிப்பு. 72-இல் அலைநீளம் நாலு மீட்டருக்குச் சற்று மேல். அதில் கால் பங்காக, ஒரு மீட்டர் அளவு கம்பி விமானத்தின் வாலுக்குப் பின்னால் தொங்கும். அழகு கெடுகிறதென்று அதை நறுக்குவோர் ஒரு சாரார். முட்புதரில் விமானத்தைத் தேடுவோரும் அதே சாரார்.

2.4 கிகாஹெர்ட்ஸ் வந்ததும் கிளிப்புக்கு வேலை போயிற்று. இதன் பூர்வகதையில் ஒரு சினிமா நடிகை வருவதால் ஆய்வாளர்கள் அதை விரும்பிப் படிப்பார்கள். ஹாலிவுட் நட்சத்திரம் ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைலும் 1942-இல் ஒரு காப்புரிமை பெற்றார்கள். டார்பிடோவைச் செலுத்தும் ரேடியோ அலைவரிசை விட்டு அலைவரிசை தாவிக்கொண்டே இருந்தால், எதிரியால் குறுக்கே புக முடியாது என்பது யோசனை. 88 அலைவரிசைகள், பியானோவின் கட்டைகளும் 88. இன்றைய ரிமோட்கள் பல இப்படித்தான் தாவுகின்றன. வேறு சில, சுவிட்சைப் போட்டதும் காலியிடம் பார்த்து உட்கார்ந்துகொள்கின்றன. விமானத்திலுள்ள ரிசீவரும், தன்னோடு 'பைண்ட்' செய்த ரிமோட்டின் பேச்சை மட்டுமே கேட்கும். வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் இதே பட்டையில்தான் குடியிருக்கின்றன. ஆனாலும் பெரும்பாலும் சமாளித்துவிடுகிறது.

முடிபு இதுதான்: கையில் காசிருந்தால் 2.4 வாங்குங்கள். இல்லையேல், கடைக்குக் கிளம்புமுன் எதிர்வீட்டுப் பையனின் பெட்டியை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். அவனுடையது 27 என்றால் உங்களுக்கு 27 வேண்டாம்.