மூணு கட்டை, ஒரு துப்பாக்கி, மருமகன் ஒருத்தன்

மாப்ளே, நீ துப்பாக்கி வாங்கினதுல எனக்கு வருத்தமில்ல. டெக்சாஸ்ல குடியிருந்துக்கிட்டு வீட்ல ஒரு துப்பாக்கிகூட இல்லேன்னா, பக்கத்து வீட்டுக்காரன் நம்மளை நோயாளின்னு நெனச்சு சூப் வச்சுக் கொண்டாந்துருவான். அதுவும் பிரௌனிங் ஆட்டோ-5, 12 போர், பெல்ஜியத்துச் சரக்கு. முதுகுல கூன் விழுந்த கெழவன். எனக்குச் சரியான சோடி.

ஆனா ஒத்தத் துப்பாக்கிக்கு, தோள்ல வைக்கிற பின்கட்டை மூணு வாங்கியிருக்கே பாரு, அங்கதான் உன் மூளை மேல எனக்கு மரியாதை கூடிப்போச்சு. நேரா நீளமா ஒண்ணு, கைப்பிடி உருண்டு வளைஞ்ச வால்நட் மரத்துல ஒண்ணு, மழைக்குன்னு கறுப்புப் பிளாஸ்டிக் ஒண்ணு. மாத்தி மாத்திப் போட்டு போட்டோ புடிச்ச வரைக்கும் துப்பாக்கி ஒழுங்காத்தான் இருந்துச்சு. சுடப் போன அன்னிக்குத்தான் வெறுங்கூடு வெளியே வராம வாயில மாட்டிக்கிச்சு. உடனே எனக்கு போனு: "மாமா, ஏமாத்தி வித்துட்டான்."

ஏமாந்தது யாருன்னு பெறகு பாப்போம். மொதல்ல குழலை என் தொப்பைய விட்டு அந்தப் பக்கம் திருப்பு. போல்ட்டைப் பின்னால இழுத்து நிறுத்தி, அறைக்குள்ள பாரு. அடியில இருக்கிற மேகசின் குழாயையும் பாரு. ரெண்டும் காலியா? இன்னொரு தடவ பாரு. விரலை உள்ள விட்டுக்கிட்டே பக்கத்துப் பட்டனை அமுக்கிறாத. அந்த போல்ட்டுக்கு மாமன் மருமகன்னு பாகுபாடு கிடையாது.

இந்தக் கெழவனைப் பெத்த ஜான் பிரௌனிங் பட்ட பாடு உனக்குத் தெரியாது. 1900-ல காப்புரிமை வாங்கிட்டாரு. வித்தா விக்கிற கணக்குக்கு ராயல்டி வேணும்னு கேட்டாரு. வின்செஸ்டர் கம்பெனி பென்னட் முடியாதுன்னுட்டாரு. சரின்னு ரெமிங்டன் முதலாளி மார்செலஸ் ஹார்ட்லியப் பாக்கப் போயி காத்துக்கிட்டு இருந்தா, 1902-ல அந்த மனுசன் அன்னிக்கே மாரடைப்புல போய்ச் சேந்துட்டாரு. அப்புறம் கப்பலேறி பெல்ஜியத்துல எஃப்.என். கம்பெனிக்குக் கொண்டுபோய்க் குடுத்தாரு. அவரு கடல் தாண்டினாரு. நீ கூட வந்த கையேட்டுல முதப் பக்கத்தைத் தாண்டல.

தாண்டியிருந்தா விஷயம் தெரிஞ்சிருக்கும். சுட்ட உதையில குழலும் போல்ட்டும் கைகோத்துக்கிட்டுப் பின்னால வரும். கடைசி வரைக்கும் வந்ததும் போல்ட் அங்கயே நிக்கும், குழல் மட்டும் முன்னால திரும்பிப் போகும். அப்பத்தான் வெறுங்கூடு வெளிய எகிறும். அப்புறம் போல்ட் அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கிட்டுப் போய் மூடும். சரி, அந்த போல்ட்டை முன்னால தள்ளுற ஸ்பிரிங் எங்க இருக்கு? நீ அழகுக்குன்னு மாத்துறியே, அந்தக் கட்டைக்குள்ள ஒரு குழாய்ல இருக்கு. மழையில நனைஞ்ச பிளாஸ்டிக் கட்டையைக் கழட்டி வெளிப்பக்கம் துணி போட்டுத் தொடச்சே. உள்ள குழாய்ல தேங்கின தண்ணிய யாரு தொடைப்பா? துரு ஏறின ஸ்பிரிங், போல்ட்டைப் பாதி வழியில கொண்டுபோய் விட்டுட்டு வந்துரும்.

கழட்டுறதும் வகையாக் கழட்டணும். பெரிய திருகுக்குப் பக்கத்துல காவலுக்கு ஒரு குட்டித் திருகு இருக்கும். அதை மொதல்ல எடுக்கணும். உன் சமையக்கட்டு ஸ்க்ரூடிரைவர் அந்த மெல்லிசான வெட்டுல உக்காராது. வழுக்கின தடத்தைப் பாத்தேன், எலி கடிச்சிருக்குன்னு சொன்னே பாரு, நல்ல பொய்.

இப்ப வளையத்துக்கு வா. முன்கட்டையைக் கழட்டினா மேகசின் குழாய் மேல பெரிய ஸ்பிரிங்கும், வெண்கல உராய்வுத் துண்டும், ஒரு எஃகு வளையமும் இருக்கும். கனமான தோட்டா சுட்டா எஃகு வளையம் ஸ்பிரிங்குக்கும் வெண்கலத்துக்கும் நடுவுல உக்காரணும், சாய்வாச் செதுக்கின பக்கம் வெண்கலத்தைப் பாத்து. லேசான தோட்டான்னா அதே வளையத்தை ஸ்பிரிங்குக்குப் பின்னால, போல்ட் ஓடுற பெட்டி இருக்கே, ரிசீவர், அது ஓரமாத் தள்ளிரணும். நீ கனத்துக்கு வச்ச அடுக்குல லேசான தோட்டாவைப் போட்டே. குழல் முழுசாப் பின்னால வரல, கூடு மாட்டிக்கிச்சு. இது ஒரு வியாதியே இல்ல. லேசான அடுக்குல கனத் தோட்டாவைப் போட்டா அது மாட்டாது, ஜோரா ஓடும். நீயும் ஜோர்னு சொல்லுவே. ஒவ்வொரு உதைக்கும் இரும்பு இரும்புல மோதி, கொஞ்ச நாள்ல முன்கட்டை விரிசல் விட்டுரும். மாட்டிக்கிற துப்பாக்கிய நம்பலாம் மாப்ளே, வாயைத் திறந்து சொல்லிருது.

அடுத்தது எண்ணெய். தீபாவளிக்கு எங்கக்கா உன் தலையில ஊத்தின மாதிரி மேகசின் குழாய் மேல ஊத்தி வச்சிருக்கே. அந்தக் குழாயைப் புடிச்சு உராய்ஞ்சாத்தானே வெண்கலம் குழலோட வேகத்தைத் தணிக்கும்? வழுவழுன்னு ஆக்கிட்டா எந்த வளையம் எங்க இருந்து என்ன பண்ணும்? துணியில ரெண்டு சொட்டு விட்டு ஒரு இழுப்பு. மிச்ச எண்ணெய்ல பணியாரம் சுடாத, அது வேற எண்ணெய்.

பெல்ஜியமே வேண்டாம், வேற வாங்குறேங்கிறே. வாங்கு. ரெமிங்டன் 1100, 1963-ல வந்தது, வாயு அழுத்தத்துல ஓடும். அதுல ஒரு ரப்பர் வளையம் காஞ்சு வெடிச்சாப் போதும், பாதிக்குப் பாதி நின்னுரும். இத்தாலிக்காரன் பெனெல்லி உதையை வச்சே ஓடுறவன். போல்ட்டை மெதுவா அணைச்சு மூடினா முழுசாப் பூட்டாது, வாத்து வரும்போது "க்ளிக்"னு ஒரு சத்தம் மட்டும் வரும். வாத்து சிரிச்சுக்கிட்டே போகும்.

கட்டையை எப்படித் தேர்ந்தெடுக்கணும்னு கேட்டியே, உருப்படியான கேள்வி அது ஒண்ணுதான். காலித் துப்பாக்கியோட கண்ணை மூடித் தோள்ல வை, கன்னத்தைக் கட்டையில சாய்ச்சுக் கண்ணைத் திற. ரிசீவரோட முதுகு மட்டும் தெரிஞ்சா கட்டை தாழ்வு. குழல் மேல்பக்கம் பூரா மேடாத் தெரிஞ்சா ஒசரம். இந்த வகைத் துப்பாக்கியில உன் கண்ணுதான் பின்குறி. அது மாறினா ரவை போற எடமும் மாறும். குளிர்கோட்டைப் போட்டுக்கிட்டும் ஒருவாட்டி வச்சுப் பாரு, கட்டை திடீர்னு நீளமாயிரும். நேர்க்கட்டை உன் கைக்கு நீளம், வளைஞ்சது சரி.

கட்டைவிரலுக்கு ஓட்டை வச்ச கட்டை நாலாவதா வேணும்னியாம். அடுத்த மாசம் நியூயார்க்குக்கு வேலைக்குப் போறியே, அங்க 2013-ல வந்த சட்டப்படி செமி-ஆட்டோமேட்டிக் ஷாட்கன்ல அந்த ஓட்டைக் கட்டை ஒண்ணு இருந்தாலே தாக்குதல் ஆயுதம்னு எழுதிருவான். ஒரு ஓட்டைக்காக ஜாமீனுக்கு என்னைக் கூப்பிடாத. மேகசின்ல இருந்த மர அடைப்பையும் எங்கயோ தொலைச்சிருக்கே. வாத்து வேட்டைக்கு மொத்தம் மூணு தோட்டாதான்னு 1935-லிருந்தே மத்திய அரசு விதி. அதைத் தேடு.

வாத்துன்னதும் ஞாபகம் வந்துச்சு. 1991-லிருந்து நாடு பூரா வாத்துக்கு ஈய ரவை கூடாது. ஸ்டீல் ரவை உன் பெல்ஜியக் குழலுக்கு ஆகாதுன்னு பிரௌனிங் கம்பெனியே சொல்லுது, குழல் வாய் கெட்டுப்போகும். பின்னாடி ஜப்பான்ல செஞ்ச குழல் கெடைக்கும், கைகாரன் ஒருத்தன்கிட்டக் காட்டிப் பொருத்திக்க. நீ நியூயார்க்ல இருக்கிற வரைக்கும் இந்தப் பெல்ஜியக் குழலும் உனக்கு நீளமான அந்த நேர்க்கட்டையும் என் வீட்லயே கெடக்கட்டும். துருப்புடிக்காம நான் பாத்துக்கிறேன். செப்டம்பர்ல புறா சீசன் வருது, அதுக்கு ஈயம் போடலாம்னு நான் ஏற்கனவே விசாரிச்சுட்டேன்.