கீரைக்கு எதற்குக் கண்ணாடி?

கேள்வி: வீட்டுக்குள் எல்.இ.டி. விளக்கு போட்டுக் கீரை வளர்க்கிறேன். வெளிச்சம் வீணாகாமல் இருக்க, சுவரில் கண்ணாடி பதிக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கீரைக்கு அலங்காரம் செய்துகொள்ளும் பழக்கம் இல்லையே! கண்ணாடியில் ஒளியைத் திருப்புவது பின்பக்கப் பூச்சுதான். போகும்போதும் வரும்போதும் முன்னால் இருக்கும் கண்ணாடி கொஞ்சம் சுங்கம் வசூலித்துவிடும்.

சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளும் வேண்டாம். சுருங்கிச் சுருங்கி ஒட்டும். ஒளி ஓரிடத்தில் குவியும், இன்னோர் இடத்தில் குறையும். தவிர, அது மின்சாரத்தைக் கடத்தும். ஈரத் தொட்டி, விளக்கு ஒயர், அலுமினியம் மூன்றும் ஒரே மூலையில் கூடுவது நல்ல சகுனம் இல்லை.

மைலார் என்கிற பளபளப்புப் பிளாஸ்டிக் தாள் 90 சதவீதத்துக்கும் மேல் ஒளியைத் திருப்பும். ஆனால் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டி, அடிக்கடி தூசு துடைக்க வேண்டும். அந்தப் பொறுமை இருந்தால் வாங்குங்கள்.

என் ஓட்டு பளபளப்பில்லாத வெள்ளை பெயின்ட்டுக்கு. நல்ல பெயின்ட்டில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு, 80 சதவீதத்துக்கு மேல் ஒளியைத் திருப்பி நாலாபக்கமும் சிதறடிக்கும். கீழ் இலைக்கும் பங்கு கிடைக்கும். சுண்ணாம்பும் வெள்ளைதான், உரசினால் புடவைக்கும் வந்துவிடும். செடிக்குப் பொருத்தம் என்று பச்சை மட்டும் அடித்துவிடாதீர்கள். இலை அதிகம் விரும்பும் சிவப்பையும் நீலத்தையும் சுவரே விழுங்கிவிடும்.

சுவர் பத்தடி தள்ளி இருக்கிறதா? பெயின்ட் செலவும் மிச்சம். தொட்டியைச் சுற்றி வெள்ளை அட்டை நிறுத்துங்கள், போதும்.