குசினிக்குள்ளை போ பிள்ளை

பிள்ளை, நீ கொக்குவில் மருத்துவ பீடத்திலை போசாக்கு ஆராய்ச்சிக்குப் பதிஞ்சிருக்கிறாயாம், ஊரெல்லாம் கதை. நல்ல யோசினை. ஒரு பட்டம் முடிச்சால் "வேலை எங்கை?" எண்டு கேப்பினம். இன்னொண்டுக்குப் பதிஞ்சால் ஆரும் கேக்கமாட்டினம். முதுமாணி, பிறகு முதுதத்துவமாணி, அதுக்கு அங்காலை கலாநிதி. நான் என்ன திண்ண வேணும் எண்டு நீ கண்டுபிடிச்சு முடிக்கேக்கை, அதைத் திண்ண எனக்குப் பல்லு இருக்காது. எண்டாலும் படி.

ஒண்டு மட்டும் சொல்லுறன். உந்த வினாக்கொத்தை விறாந்தையிலை விரியாதை. படலை திறந்த உடனை ஆம்பிளையள் நாங்கள் கதிரையை இழுத்துப் போட்டு உன்னை இருத்துவம். நீயும் மரியாதைக்கு, "ஐயா, நேற்று விடியத் தொடக்கம் இண்டைக்கு விடியுமட்டும் என்னென்ன சாப்பிட்டனீங்கள்?" எண்டு கேப்பாய். உடனை நான் முனிவர். காலமை ரெண்டு துண்டு பாண், மத்தியானம் ஒரு அகப்பைச் சோறும் கீரையும், பின்னேரம் சீனி போடாத தேத்தண்ணி, இரவு பேருக்கு இடியப்பம். சமையல் எண்ணெய் மாதம் எவ்வளவு எண்டால் "அளவாத்தான்" எண்டுவன். எங்கடை வீட்டிலை எண்ணெய்ப் போத்தில் எந்தத் தட்டிலை இருக்கெண்டே எனக்குத் தெரியாது. ஆனால் பதில் மட்டும் பிந்தாது.

யாழ்ப்பாணத்தான் மட்டும்தான் இப்பிடி எண்டு நினைச்சுப் போடாதை. வெள்ளைக்காரன் இதுக்கு ஒரு பொறி வைச்சவன். ஐதரசனும் ஒட்சிசனும் கொஞ்சம் பாரம் கூடின அணுக்களாய் இருக்கிற தண்ணியைக் குடிக்கக் குடுத்து, பிறகு ஒண்டு ரெண்டு கிழமைக்கு மூத்திரத்தை எடுத்து அளந்தால், அந்த ஆள் மெய்யாய் எவ்வளவு சக்தி செலவழிச்சவர் எண்டு வந்திடும். அந்தக் கணக்கையும் வாயாலை சொன்ன கணக்கையும் பக்கத்திலை வைச்சுப் பாத்தால், சனம் திண்டதைக் குறைச்சுத்தான் சொல்லியிருக்கு. உடம்பு பெருத்த ஆக்கள் இன்னும் கூடக் குறைச்சு. அந்தத் தண்ணி சரியான விலை. உன்ரை நெறியாளரிட்டை அதுக்குக் காசிருக்காது. அதாலை, பேசாமல் குசினிக்குள்ளை போ.

அங்கை போயும் "என்ன சாப்பிட்டனீங்கள்?" எண்டு தொடங்காதை. நாளுக்கு எத்தினை தேங்காய் உடைக்கிறவை, ஒரு போத்தில் எண்ணெய் எத்தினை நாளுக்குக் காணும், வீட்டிலை எத்தினை பேர் எண்டு கேள். மிச்சத்தை நீயே பிரிச்சுப் பார். என்ரை மனிசியிட்டை நேரை கேட்டியெண்டால், அவ எனக்குப் போட்டதைத்தான் தன்ரை சாப்பாடாய்ச் சொல்லுவா. எல்லாரும் எழும்பின பிறகு, குழம்புச் சட்டிக்குள்ளை ரெண்டு பிடி சோத்தைப் போட்டு வழிச்சுத் திண்டது அவவின்ரை கணக்கிலை இல்லை. மீன் வாங்கினால் நடுத்துண்டு எனக்கு, தலையும் வாலும் அவவுக்கு. உன்ரை படிவத்திலை ரெண்டு பேருக்கும் "மீன்: 1 துண்டு" எண்டு ஒரே மாதிரி விழும். பிறகு பொம்பிளையளுக்கு ஏன் குருதிச்சோகை கூட எண்டு பத்துப் பக்கம் எழுதுவாய். மாதவிலக்கு, பிரசவம் எல்லாம் காரணம்தான், இல்லையெண்டேல்லை. நடுத்துண்டையும் அதிலை சேர்.

போற நாளையும் பார்த்துப் போ. நல்லூர்க் கோயில் கொடியேறின பிறகு வந்து கணக்கெடுத்தியெண்டால் 25 நாளும் மச்சச் சட்டி கழுவிக் கவிட்டிருக்கும். கடல் சூழ்ந்த குடாநாட்டிலை சனம் மீனே தொடுறேல்லை எண்டு நீ எழுத, கொழும்பிலை ஆரோ அதை நம்பி எங்களுக்குப் புரதம் அனுப்பத் திட்டம் போடுவினம். வெள்ளிக்கிழமை வந்தால் நாங்கள் சைவம், ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆட்டிறைச்சி. பனங்கிழங்கு தை, மாசியிலை. மாம்பழக் காலத்திலை வந்தால் விற்றமின் ஏ ஊரெல்லாம் வழியும். ஒரு வீட்டுக்கு ஒரு நாள் மட்டும் போறது காணாது பிள்ளை. கிழமை நாளிலையும் போ, லீவு நாளிலையும் போ. மாரியிலை ஒருக்கால், கோடையிலை ஒருக்கால். உன்ரை நெறியாளர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். வெயிலுக்குள்ளை சைக்கிள் மிதிக்கிறது நீ.

குசினி எண்டால் சின்ன விசயம் எண்டு நினைக்காதை. டச்சுக்காரன் எய்க்மன் எண்டு ஒரு வைத்தியர், இப்ப ஜகார்த்தா எண்ணுற பத்தேவியாவிலை, பெரிபெரி வருத்தத்துக்குக் கிருமி தேடிக்கொண்டிருந்தவர். ஆய்வுகூடக் கோழியளுக்குக் கால் இழுத்துக்கொண்டு போச்சுது. கொஞ்ச நாளிலை தன்ரை பாட்டிலை சுகமும் வந்திட்டுது. என்னடா எண்டு விசாரிச்சால், முதல் இருந்த சமையல்காரன் இராணுவ ஆசுப்பத்திரியிலை மிஞ்சின வெள்ளைச் சோத்தைக் கோழிக்குப் போட்டிருக்கிறான். புதிசாய் வந்தவன், இராணுவத்தின்ரை சோறு சும்மா கோழிக்கு ஏன் எண்டு மறிச்சுப் போட்டான். அதுகளுக்குத் தீட்டாத அரிசி கிடைச்சுது, கால் நிமிர்ந்துது. எய்க்மன் அப்பவும் உடனை வழிக்கு வரேல்லை. வெள்ளை அரிசிக்குள்ளை ஏதோ நஞ்சு எண்டுதான் நினைச்சவர். தவிட்டோடை போற ஒரு சத்துத்தான் காரணம் எண்டு 1901இலை சொன்னது அவருக்குப் பின்னாலை வந்த கிறைன்ஸ். 1929இலை நோபல் பரிசு எய்க்மனுக்கு. சமையல்காரன்ரை பேர் ஒரு இடத்திலையும் இல்லை. நீ நன்றியுரை எழுதேக்கை இதை யோசி.

எங்கடை ஊரிலையும் சோத்தை எடுத்து ஆய்வுகூடத்திலை வைச்சவை இருக்கினம். உன்ரை பீடத்திலை உயிரிரசாயனப் பேராசிரியராய் இருந்த வசந்தி அரசரத்தினம் ஆக்கள், கறி சேர்ந்தால் சோத்தின்ரை சீனி இரத்தத்திலை ஏறுற வேகம் எப்பிடி மாறுது எண்டு அளந்து வெளியிட்டவை. உந்தச் சோதனைக்கு ஆள் பிடிக்கிறதுதான் பெரும்பாடு. இரவு முழுக்கப் பட்டினி கிடந்து காலமை வர வேணும். 50 கிராம் மாச்சத்து வாறமாதிரி நிறுத்துத் தருவினம், அதுக்கு மேலை ஒரு பருக்கை இல்லை. பிறகு ரெண்டு மணித்தியாலம் விரல் நுனியிலை ஊசி: முதல்லை கால் மணிக்கு ஒருக்கால், பிறகு அரை மணிக்கு ஒருக்கால். இன்னொரு நாள் சும்மா குளுக்கோசைக் குடிச்சிட்டு அதே குத்து. ரெண்டையும் ஒப்பிட்டு ஒரு எண் போடுவினம்: 55 வரை வந்தால் நல்ல சாப்பாடு, 70ஐத் தொட்டால் கவனம். புட்டு அவிச்சு வைச்சிட்டுத் திண்டவனைக் குத்துற ஊர் வேறை இருக்கோ தெரியாது. ஆனால் அந்த எண்ணை வைச்சுக்கொண்டு என்னட்டை வராதை. புட்டின்ரை எண் எவ்வளவெண்டாலும் நான் திண்டது எத்தினை நீத்துப்பெட்டி எண்டு முதல் மனிசியிட்டைக் கேள்.

பனங்கிழங்கைக் காயவைச்ச ஒடியலையும் விட்டிடாதை. ஒடியல் மாவிலை நரம்பைத் தாக்கிற ஏதோ இருக்கெண்டு எலியளிலை பார்த்து, ஶ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜான்ஸ் ஆக்கள் கனகாலம் மினைக்கெட்டவை. இஞ்சை என்ரை ஆச்சி, கூழுக்கும் புட்டுக்கும் மாவைத் தண்ணியிலை ஊற விட்டு, மேல் தண்ணியை வடிச்சு ஊத்திப் போட்டுத்தான் எடுப்பா. ஏனணை எண்டால் "கைப்புப் போக" எண்ணுவா. அந்தக் கைப்போடை வேறை என்ன போகுது, என்ன போகாமல் நிக்குது எண்டு பாக்கிறது உன்ரை வேலை. ஆச்சிக்கு எல்லாம் தெரியும் எண்டு மேடையிலை பேசுறவன் வேறை ஆள். அவனை நம்பாதை. என்னையும் தான்.

எல்லாம் முடிஞ்சு ஆய்வேட்டை இங்கிலீசிலை எழுதி, பொன்னெழுத்திலை அட்டை கட்டி, லைபிரறியிலை வைப்பாய். வை. ஆனால் நீ படிக்கிற பீடத்திலை சமுதாய மருத்துவம் படிப்பிச்ச சிவஞானசுந்தரத்தார், நந்தி எண்ட பேரிலை 'மலைக்கொழுந்து' எழுதினவர், தாய்மாருக்கு விளங்கிற தமிழிலை பிள்ளை வளக்கிறதைப் பற்றியும் எழுதினவர். அவருக்கு நூறு வருசத்துக்கும் முன்னாலை மானிப்பாயிலை கிறீன் வைத்தியர் அமெரிக்காவிலை இருந்து வந்து தமிழ் படிச்சு, தமிழிலையே வைத்தியம் படிப்பிச்சவர். இஞ்சை பிறந்த உனக்கு நாலு பக்கம் எழுதுறது பாரமே? சுருக்கி எழுதி, போட்டோக்கொப்பி அடிச்சு, கேள்வி கேட்ட வீடு வீடாய்க் கொண்டு போய்க் குடு.

எங்கடை வீட்டுக்கு மட்டும் நான் தோட்டத்துக்குப் போன பிறகு வா. அந்த நாலு பக்கம் மனிசியின்ரை கையிலை கிடைச்சால், இனி எனக்கு ரெண்டாம் தரம் புட்டு இல்லை.